கோபுரமும் குன்றும் கண்ட தூரிகை

வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கி வருவோர் கண்ணில் முதலில் படுவன பாறைக் குன்றுகளே. பன்னிரு கோட்டைகள் கொண்டமையால் பாராமகால் எனப் பெயர் பெற்றதாகக் கூறப்படும் இச்சீமையை, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். போரின் சுவடு மறையுமுன், அதே ஆண்டிலேயே, தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் இரு ஆங்கில ஓவியர்கள் இங்கு வந்தனர். இருபதுகளில் இருந்த வில்லியம், தாமஸுடைய உடன்பிறந்தாரின் மகன்.

இராயக்கோட்டை உள்ளிட்ட மலைக்கோட்டைகளைத் தீட்டிய அவர்கள், மேலும் தெற்கே சென்று மதுரை, தஞ்சைக் கோயில்களையும் வரைந்தனர். புகைப்படக் கருவி தோன்றாத காலம் அது. கண்ணாடி வில்லை பொருத்திய இருட்டுப் பெட்டியின் துணையால் காட்சியைத் தாளில் விழச் செய்து, பென்சிலால் எல்லைக்கோடு இட்டு, அதன்மேல் நீர்த்த வண்ணத்தை மெல்லப் பரப்பினர். தாயகம் திரும்பியபின் அவற்றைச் செப்புத் தகடுகளில் செதுக்கி, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டனர். தஞ்சைப் பெரிய கோயிலின் படம் 1798இல் வெளிவந்தது.

இப்படங்களில் மனிதர்களைக் காணாமல் விடலாகாது. வழிப்போக்கரும் மாடுகளும் சிறு உருவங்களாக இடம்பெறுவதால்தான் கட்டடத்தின் பேருருவம் விளங்குகிறது. ஆளரவமற்ற கோபுரம் அளவை உணர்த்தாது. அது வழிபடும் இடம் என்பதையும் உணர்த்தாது. பேரப்பிள்ளைகள் கோயிலை வரையும்போது பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான்.

நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளை வெறுமையாக விட்டுவைப்பதால் வருவது. ஆகவே வானத்தையும் தொலைக்குன்றையும் முதலில் வெளிறிய நிறத்தில் தீட்டி, அது நன்கு உலர்ந்தபின் கோபுரத்தின் நிழற்புறத்தை மட்டும் அழுத்தமாக்க வேண்டும். பூக்கூடைக்காரியும் படியேறும் முதியவரும் கடைசியில், இரண்டு மூன்று தீற்றல்களில் வந்துவிடுவர். முகம் எழுத வேண்டியதில்லை. காலை எட்டு மணி வெயிலே இதற்கு உகந்தது. உச்சிப்பொழுதில் நிழல் ஒடுங்கிவிடும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்காகப் பாறைகள் அறுக்கப்படுகின்றன. ஓசூர்ப் பக்கம் ஆலைகள் பெருகுகின்றன. திருப்பணியின்போது பழைய கோயில்களின் தோற்றமும் மாறிவிடுகிறது. சிறுவன் ஒருவன் வரைந்த எளிய படமும் நாளை சான்றாகக் கூடும். வில்லியம் டேனியல் தம் பயணத்துக்கு நாட்குறிப்பு எழுதிவந்தார். அதுபோல, படம் உலர்ந்ததும் அதன் பின்புறத்தில் ஊர், சந்நிதி, தேதி ஆகியவற்றைப் பென்சிலால் குறித்துவைக்கப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கலாம்; மை நாளடைவில் மறுபுறம் ஊறிவிடும்.