பதிவேட்டில் ஒரு பெயர்

பாலக்காட்டிலிருந்து சித்தூர் மிகத் தொலைவில் இல்லை. பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். ஆயினும் நம் கொள்ளுப்பாட்டிகளின் காலத்தில் இவ்விரண்டு ஊர்களும் வெவ்வேறு ஆட்சிகளின்கீழ் இருந்தன. பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூரோ கொச்சி அரசுக்கு உரியது. தெற்கே, தேயிலைத் தோட்டங்களில் தமிழர் பலர் குடியேறிய தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்தன. ஆட்சி மாறினால் சட்டமும் மாறும். அம்மாற்றம் நோயாளியின் கட்டிலருகே நின்று பணி செய்த செவிலியரையும் தொட்டது.

‘செவிலி’ என்பது பழந்தமிழ்ச் சொல். சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயே செவிலி எனப்படுகிறாள். அவள் தேர்வு எழுதியவள் அல்லள்; வீட்டார் அவளை அறிவர், அவ்வளவே போதுமானதாக இருந்தது. மருத்துவமனையின் நிலை வேறு. அங்கே நோயாளிக்கு மருந்து தருபவர் முன்பின் அறியாதவர். அவருக்குத் தொழில் தெரியும் என்று உறுதி கூறுபவர் யார்?

தொடக்கத்தில் அந்த உறுதியை அவரவர் பயின்ற மருத்துவமனையே அளித்தது. சென்னையில் 1854ஆம் ஆண்டிலேயே மகப்பேற்றுத் தாதியருக்குப் பயிற்சி தொடங்கியது. அரசுப் பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. ஆனால், ஒவ்வொரு மருத்துவமனையும் தானே கற்பித்துத் தானே தேர்வு நடத்தித் தானே சான்றிதழ் வழங்கியதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஓரிடத்தில் மூன்றாண்டுப் பயிற்சி; மற்றோரிடத்தில் அதனினும் குறைவு. பயிலும் பெண்களே நோயாளர் கூடங்களில் பெரும்பகுதி வேலையைச் செய்ததால், அவர்களுக்குப் பாடம் நடத்த நேரம் ஒதுக்காத இடங்களும் இருந்தன. சான்றிதழைப் பார்க்கும் பொதுமக்களுக்கு இவ்வேறுபாடுகள் எவ்வாறு தெரியும்?

இக்கேள்வி இங்கிலாந்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும் பூசலாக நடந்தது. எதெல் ஃபென்விக் என்னும் செவிலியர், நாடு முழுவதற்கும் ஒரே தேர்வும் ஒரே பதிவேடும் வேண்டும் என வாதாடினார். அவரை எதிர்த்தவர் யார் தெரியுமா? புகழ்பெற்ற புளோரன்ஸ் நைட்டிங்கேல்! பொறுமையையும் பரிவையும் நல்லொழுக்கத்தையும் வினாத்தாள் அளக்காது என்பது அவர் கருத்து. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கேள்விக்கு விடை எழுதத் தெரிந்தவர் நள்ளிரவில் நோயாளி அழைத்ததும் எழுந்து செல்வாரா என்பதைத் தாள் சொல்லாது. எனினும், காய்ச்சல்மானியைச் சரியாகப் படிக்கத் தெரியாதவரின் பரிவு நோயாளியைக் காப்பாற்றாது என்பதும் உண்மையே.

இங்கிலாந்து வாதாடிக்கொண்டிருக்கையில் சிறிய நாடான நியூசிலாந்து முந்திக்கொண்டது. அங்கே 1901ஆம் ஆண்டில் செவிலியருக்கெனத் தனிப் பதிவுச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு சனவரித் திங்களில் எல்லன் டாகர்ட்டி என்பவரின் பெயர் பதிவேட்டில் முதலாவதாக ஏறியது. இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1919இல். அந்நாட்டின் பதிவேட்டில் முதற்பெயர் ஃபென்விக்குடையதே.

சட்டம் வந்தவுடன் ஒரு சிக்கல் எழுந்தது. இருபது ஆண்டுகள் பணியாற்றிய மூத்த செவிலியரை மீண்டும் மாணவியாக அமர்த்துவது முறையா? முறையன்று எனக் கருதிய அரசு, ஏற்கெனவே பணியில் இருந்தோர் தம் பயிற்சியையும் பணியையும் மெய்ப்பித்துத் தேர்வின்றிப் பதிவு செய்துகொள்ளச் சில ஆண்டுகள் தவணை அளித்தது. அதன் பின்னரே, 1925இல், அங்கு முதல் அரசுத் தேர்வு நடந்தது. அது முதனிலை, இறுதிநிலை என இருபகுதிகளாக அமைந்தது. முதனிலையில் உடற்கூறும் உடல்நலவியலும் செவிலியப் பணியின் அடிப்படைகளும் இடம்பெற்றன. எழுத்துத் தேர்வு மட்டும் போதாதென்று செய்முறைத் தேர்வும் வைத்தனர். தேர்வாளர் கண்முன் படுக்கை விரிக்க வேண்டும். கட்டுப் போட வேண்டும். நைட்டிங்கேலின் ஐயத்திற்கு ஓரளவேனும் கிடைத்த விடை இது என்று கொள்ளலாம்.

நம் நாட்டிலும் சட்டத்திற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது. தென்னிந்தியாவின் கிறித்தவ மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து பொதுத் தேர்வுக் குழு ஒன்றை அமைத்தன. கற்பித்தவரே மதிப்பெண் இடும் வழக்கம் அதனால் குறைந்தது. பின்னர் 1926ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் செவிலியர், தாதியர் பதிவுச் சட்டத்தை இயற்றியது. இன்றைய இந்தியப் பகுதிகளுள் இத்தகைய சட்டத்தை முதலில் கொண்டுவந்தது சென்னையே.

இப்போது எல்லைக்குத் திரும்புவோம். அந்தச் சட்டம் பாலக்காட்டில் செல்லும். அருகிலிருந்த சித்தூரில் செல்லாது. கம்பத்திலும் போடியிலும் செல்லும். மலையேறிக் குமுளிக்கோ மூணாற்றுக்கோ சென்றால் செல்லாது. அதே பெண், அதே கைத்திறன், அதே சான்றிதழ்தான். ஆனால் சென்னைச் சட்டம் தந்த உரிமை எல்லைக் கல்லருகே நின்றுவிட்டது.

செவிலியர் மலிந்திருந்த காலமும் அன்று அது. 1946ஆம் ஆண்டில் போர் குழு அளித்த அறிக்கை, பிரித்தானிய இந்தியாவில் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருப்பதாகக் கணக்கிட்டது. அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர்! (இங்கே ‘போர்’ என்பது சண்டையைக் குறிப்பதன்று, குழுவின் தலைவர் ஜோசப் போர் என்பவரின் பெயர்.)

விடுதலை பெற்ற ஆண்டின் இறுதியில், 1947 திசம்பரில், இந்திய செவிலியர் குழுமச் சட்டம் நிறைவேறியது. எந்தெந்தத் தகுதிகள் ஏற்கத்தக்கவை என்னும் பட்டியல் அதில் இணைக்கப்பட்டது. பட்டியலில் உள்ள தகுதியைப் பெற்றவர் எந்த மாநிலப் பதிவேட்டிலும் சேரலாம் என விதித்தனர். பயிற்சி நிலையங்களைப் பார்வையிடவும், தேர்வு நடக்கும் இடத்திற்கே சென்று அதன் தரத்தை ஆராயவும் ஆய்வாளர்களை அமர்த்த வழி செய்தனர். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. அம்மாநிலம் 1953இல் தனக்கெனச் செவிலியர் சட்டம் இயற்றியது. 1956 நவம்பர் முதல் நாளில் மலபாரும் இணைந்து கேரளம் உருவானது.

இன்றும் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனிப் பதிவேடு உண்டு. உங்கள் அக்காள் ஒருவர் மூணாற்றிலிருந்து மதுரைக்குச் சென்று செவிலியம் பயில்கிறார் எனக் கொள்வோம். தேர்ச்சி பெற்றதும் அவர் பெயர் தமிழ்நாட்டுப் பதிவேட்டில் ஏறும். ஊருக்குத் திரும்பிப் பணியில் சேர விரும்பினால், கேரளக் குழுமத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் அவரை மீண்டும் தேர்வு எழுதச் சொல்வதில்லை. முதற்பதிவு மெய்யானதா என்று தமிழ்நாட்டுக் குழுமத்திடம் கேட்டறிந்து, தங்கள் ஏட்டிலும் அவர் பெயரை எழுதிக்கொள்வர்.