வெள்ளவத்தையில் வீடு: வாடகையா, விலைக்கா?

போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்த பல குடும்பங்கள் வெள்ளவத்தையில் இன்னும் வாடகைக்கே இருக்கின்றன. 'வாடகை வீண்காசு, ஊர்க்காணியை விற்று ஒரு பிளாட் எடுப்போம்' என்ற பேச்சு அந்த வீடுகளில் அடிக்கடி எழும். முடிவெடுக்க முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு, வீட்டின் விலை 3 கோடி ரூபா, மாத வாடகை 1 இலட்சம் என வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 12 இலட்சம். விலையில் 4 வீதம். வங்கிக் கடன் வட்டி இதைவிடக் கூட. ஆகவே கடனில் வாங்கினால் ஆரம்ப வருடங்களில் வட்டியே வாடகையை மிஞ்சும். முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அதுவே ஏறத்தாழ 12 இலட்சம், அதாவது ஒரு வருட வாடகை.

பிள்ளைகளின் படிப்பு முடிய ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு வாடகையே இலாபம். வாடகை ஏறிக்கொண்டே போகும் என்பதால், நீண்டகாலம் தங்குபவர்கள், பெரிய கடன் இல்லாவிட்டால் வாங்கலாம். ஆனால் தொடர்மாடிக்குக் கூட்டாதன உறுதியும் மாநகர சபையின் இணக்கச் சான்றிதழும் உண்டா என்று சட்டத்தரணியைக் கொண்டு பார்ப்பிக்க வேண்டும்.

ஊர்க்காணியை விற்பதும் இலகுவல்ல. தேசவழமைக்கு உட்பட்ட பங்குக் காணியை முதலில் வாங்கும் உரிமை இணைப் பங்காளருக்கு உண்டு. அறிவிக்காமல் விற்றால் வழக்கு வரலாம். அனுமதிப்பத்திரக் காணியை அரச அனுமதியின்றி விற்க முடியாது.

வாடகை வீட்டை எப்போதும் மாற்றலாம். விற்ற ஊர்க்காணி திரும்பக் கிடைப்பது அரிது.