அளக்காமல் போட்ட உத்தரவு

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளிவந்த 2170/8 இலக்க அதிவிசேட வர்த்தமானியைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். கொவிட்-19 தொற்றி இறந்தவரின் உடலை 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலமாவது எரிக்க வேண்டும் என்றது அது. சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று அத்தனை நுணுக்கமாகச் சொன்ன உத்தரவில், ஏன் எரிக்க வேண்டும் என்பதற்கு அளந்த கணக்கு எதுவும் இல்லை.

நான் ஆரையம்பதிக்காரன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, ஊர்வாயில் பி.எச்.ஐ.யாக, மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அந்த வர்த்தமானி எந்தச் சட்டத்தின் கீழ் வந்ததோ அந்தச் சட்டம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம், 1897. பம்பாயில் பிளேக் பரவிய காலம் அது. இந்தியாவின் தொற்றுநோய்ச் சட்டமும் அதே ஆண்டில் வந்ததுதான். வெள்ளைக்காரன் அதிகாரிக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்தான். அதை நான் குறை சொல்லமாட்டேன். வாந்திபேதி வந்த ஊரில் அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பி.எச்.ஐ. வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். ஆனால் ஒருவரின் வீட்டை மூடச் சொன்னால், கிணற்றை இறைக்கச் சொன்னால், அவர் 'ஏன் ஐயா?' என்று கேட்பார். அப்போது அளந்த கணக்கைக் காட்ட வேண்டும். 2020இல் ஒரு நாடே அப்படிக் கேட்டது. கணக்கு வரவில்லை.

வாய்மொழியாக ஒரு காரணம் வந்தது: புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு எங்கள் மண் இடம் தராது. பங்குடாவெளியிலிருந்து தெற்கே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளும் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் எழுவான்கரை வெறும் மணல். மாரியில் குனிந்து வாளியை விட்டால் கிணற்றுத் தண்ணீர் கைக்கு எட்டும். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் வளவுகள் ஒடுங்கியவை. ஒரு வீட்டின் கிணறும் அடுத்த வீட்டின் மலக்குழியும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும். கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே என் உத்தியோக காலம் போனது. ஐம்பது அடிக்கு வளவு எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. இப்போது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருவதால் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆகவே பிரேதமும் தண்ணீரும் என்ற கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் முன்பே இருந்தது. சவக்காலைகளால் சுற்றாடலுக்கு என்ன நேரும் என்று ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 1998இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. குடிநீர் எடுக்கும் கிணற்றிலிருந்து 250 மீற்றருக்குள் புதைக்கக்கூடாது; வேறு நீரோடை, ஊற்றுகளிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும்; குழியின் அடிக்குக் கீழேயும் ஒரு மீற்றர் மண் இருக்க வேண்டும். இப்படி மீற்றர் மீற்றராக எழுதிவைத்திருக்கிறார்கள். அதை வாசிக்கிற எந்த பி.எச்.ஐ.க்கும் விளங்கும்: மண்ணும் தூரமும் பொருந்தாத இடத்தில் புதைக்காதே, பொருந்தும் இடத்தைத் தேடு. எரி என்று அதில் இல்லை.

கிருமியின் குணத்தையும் பார்க்க வேண்டும். மஞ்சட்காமாலையைக் கொண்டுவரும் ஹெப்படைட்டிஸ் ஏ, குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் தரும் ரோட்டா போன்ற வைரசுகள் தண்ணீரில் ஊர் சுற்றக்கூடியவை. அவற்றுக்குக் கொழுப்பு உறை கிடையாது, இலகுவில் அழியா. கொரோனா வைரசுக்கு வெளியே கொழுப்பு உறை உண்டு. சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னதே அந்த உறையைக் கரைப்பதற்குத்தான். எந்த வைரசும் பெருக உயிருள்ள கலம் வேண்டும். இறந்த உடலில் கலமும் இறக்கிறது; அங்கே இருப்பது நாளுக்கு நாள் குறையுமே தவிரக் கூடாது. 2003இல் சார்ஸ் வைரசை அடையாளம் கண்டவர்களில் முன்னணியில் நின்றவர், இலங்கையில் பிறந்து ஹொங்கொங்கில் பணிபுரியும் பேராசிரியர் மலிக் பீரிஸ். கொவிட் தண்ணீரால் பரவும் நோயல்ல என்று அவர் சொன்னார். உலகமே அறிவுரை கேட்கிற மனிதர் நம் நாட்டுக்காரர்; நம் நாட்டுக்கு மட்டும் அவர் சொல் ஏறவில்லை. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் மாதமே வழிகாட்டியில் எழுதிவிட்டது.

நீரைக் காப்பாற்றவே எரிக்கிறோம் என்ற அரசாங்கத்தின் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி, அதே 2020 நவம்பரில் கொரோனாவை விரட்ட மந்திரித்த நீர்க்குடத்தை ஆற்றில் விட்டார். இதற்கு மேல் நான் என்ன எழுத.

டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் கட்டாய எரிப்புக்கு எதிரான அடிப்படை உரிமை மனுக்களைப் பெரும்பான்மை முடிவால் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதற்கு அடுத்த வாரம், பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமில்லாமல் கொழும்பு பொரளை மயானத்தில் எரிக்கப்பட்டது. மயானத்து வாயிற்கம்பிகளில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். இந்துக்களும் கைக்குழந்தையை எரிப்பதில்லை, மண்ணுக்குத்தான் கொடுக்கிறோம். அதனால் அந்தச் செய்தி எங்கள் ஊர்ப் பெண்களையும் உலுக்கியது.

அந்த டிசம்பரிலேயே இராஜாங்க அமைச்சர் சுதர்ஷினி பெர்னாண்டோபுள்ளே ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமை. பாதுகாப்பு விதிகளோடு புதைக்கலாம் என்று குழு அறிக்கை கொடுத்தது. சமுதாய வைத்திய நிபுணர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அதையே சொல்லின. இப்படி நாட்டின் மருத்துவ அறிவு ஒரு பக்கம் திரண்ட பிறகு, 2021 ஜனவரியில் சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து, எரிக்கச் சொன்ன முதற்குழுவின் தீர்மானம்தான் தீர்மானம், சமூக, சமய, அரசியல் காரணங்களுக்காக அது மாறாது என்றார். சமயத்துக்காக மாற்றும்படி மருத்துவச் சங்கம் கேட்கவில்லை. ஆதாரத்தைப் பார்த்துத்தான் கேட்டது. அதைச் சமயக் கோரிக்கையாக்கி ஒதுக்கிவிட்டால் பதில் சொல்லும் வேலை மிச்சம்.

இதெல்லாம் மேலே நடந்தவை. கீழே, வீடுகளுக்குள், சுகாதாரத் துறையின் வேரிலேயே கை வைத்தது அந்த உத்தரவு. காத்தான்குடியைத் தனிமைப்படுத்தியிருந்த நாட்களில் அங்கே புடைவைக்கடை வைத்திருக்கும் என் பழைய கூட்டாளி போன் எடுத்தார்.

"தம்பி, உம்மாக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா டெஸ்ட் எடுப்பாங்க. பொசிட்டிவ் எண்டு வந்து மௌத்தாப் போனா எரிச்சிப் போடுவாங்க. நான் என்னத்தச் செய்யிற?"

"காக்கா, மூச்சு வாங்குதா எண்டு மட்டும் பாருங்க. வாங்கினா வீட்ட வெச்சிராதீங்க."

"வாங்கினாலும் போகமாட்டேன் எண்டு அவதான் சொல்றா. நெருப்புக்குப் பயம்."

மூச்சு வாங்கவில்லை, கிழவி தப்பினார். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் பரிசோதனை நடக்கவில்லை, யாரோடு பழகினார்கள் என்ற பட்டியலும் எழுதப்படவில்லை. நோயைத் தடுக்கப் போட்ட உத்தரவு நோயாளியை ஒளித்துவைத்தது. இது புதுச் சங்கதியும் அல்ல. 2014இல் லைபீரியாவில் எபோலா பரவியபோது தலைநகர் மொன்ரோவியாவில் உடல்களை எரிக்கக் கட்டளையிட்டார்கள். எபோலா பிரேதத்திலிருந்து உண்மையாகவே தொற்றும். ஆகவே அந்தக் கட்டளைக்கு நியாயம் இருந்தது. அப்படியிருந்தும் சனம் நோயாளியை வீட்டில் மறைத்தது, இரவில் களவாகப் புதைத்தது. அந்த டிசம்பரிலேயே டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் காணி எடுத்து, பாதுகாப்பாகவும் மரியாதையாகவும் புதைக்க வழி செய்தார்கள். எபோலாவுக்கே மண் கொடுக்க முடிந்தது.

இலங்கையில் முடிச்சு அவிழ்ந்த விதத்தைப் பார்த்தால் ஆராய்ச்சிக்கு அதில் பங்கே இல்லை. முஸ்லிம்களின் உடல்களை மாலைதீவுக்குக் கொண்டுபோவது பற்றிக்கூடப் பேச்சு நடந்தது. 2021 பெப்ரவரி 10இல் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ புதைக்க அனுமதிப்போம் என்று பாராளுமன்றத்தில் சொன்னார். மறுநாளே அந்தச் சொல் இழுபட்டது. 23ஆம் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து இறங்கினார். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது, இலங்கைக்கு வாக்குகள் வேண்டியிருந்தன. அவர் போன கையோடு வர்த்தமானி மாறியது. பத்து மாதமாக நஞ்சாகப் போவதாகச் சொல்லப்பட்ட நிலத்தடி நீர் ஒரு வாரத்தில் எப்படித் தெளிந்தது என்று எந்த நிபுணரும் விளக்கவில்லை.

பெப்ரவரி தொடக்கத்தில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்த பேரணியையும் சொல்ல வேண்டும். தமிழர்களின் கோரிக்கைகளோடு ஜனாஸா எரிப்பை நிறுத்து என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. முஸ்லிம்கள் வீதிக்கு வந்து சேர்ந்து நடந்தார்கள். எங்கள் பக்கத்தில் 'அது அவங்கட பிரச்சினை' என்று ஒதுங்கியவர்களும் உண்டு. 1990இன் தமிழ்-முஸ்லிம் கொலைகளுக்கும் 2019இன் உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்கும் பிறகு அந்த ஒதுக்கம் எங்கிருந்து வருகிறது என்று வாவிக்கரைக்காரனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் அது வெட்கக்கேடுதான்.

அனுமதி வந்த பிறகும் இடம் கொடுக்க மனம் வரவில்லை. முதலில் இரணைதீவு என்றார்கள். கடற்படையால் கால் நூற்றாண்டு ஊரை இழந்து, 2018இல்தான் திரும்பிவந்த கத்தோலிக்க மீனவர்களின் தீவு அது. அவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில், சூடுபத்தினசேனை மஜ்மா நகரில் காணி கிடைத்தது. 2021 மார்ச் 5இல் அடக்கம் தொடங்கியது. இராணுவத்தின் மேற்பார்வையில், குடும்பத்தில் ஓரிருவர் நிற்க, கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் இரவு பகலாக வாகனங்கள் வந்தன. எந்த மையவாடியிலும் அடக்கலாம் என்று 2022 மார்ச்சில் அனுமதிக்கும்வரை ஓராண்டு முழுதும் நாட்டுக்கே அது ஒன்றுதான். அங்கே புதைக்கப்பட்டவர்கள் 3,634 பேர்.

இந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். முஸ்லிம்கள் 2,992, இந்துக்கள் 287, பௌத்தர்கள் 270, கிறிஸ்தவர்கள் 85. எரிப்பதற்குத் தடையே இல்லாத 557 இந்து, பௌத்தர்களின் குடும்பங்கள், தூரத்தையும் இராணுவத்தையும் பொறுத்துக்கொண்டு, மண்ணைத் தேர்ந்திருக்கின்றன. மட்டக்களப்புக்காரனுக்கு இது ஆச்சரியமில்லை. எழுவான்கரையிலும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் தமிழர்களில் பலர் அடக்கம்தான் செய்கிறோம். முஸ்லிம்கள் புதைப்பார்கள், மற்றவர்கள் எரிப்பார்கள் என்பது கொழும்பு மேசையில் இருந்து பார்த்த நாடு. அந்த மேசையில் எங்கள் பக்கத்து பி.எச்.ஐ. ஒருவர் இருந்திருந்தால் இதையாவது சொல்லியிருப்பார்.

2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டது. வெளிவிவகார அமைச்சர் அலி சப்ரி, நீதி அமைச்சர் விஜேதாச ராஜபக்ஷ, நீர் வழங்கல் அமைச்சர் ஜீவன் தொண்டமான் மூவரும் சேர்ந்து வைத்த யோசனை. இரண்டு ஆய்வுகளை ஆதாரம் காட்டினார்கள்: ஒன்று தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2021 ஜூலையில் செய்தது, மற்றது ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தினுடையது, 2024 மார்ச். நீருக்குள் வைரஸ் வருவது பெரும்பாலும் மலத்தாலும் சிறுநீராலும்தான், பாதுகாப்பாகப் புதைத்த உடலால் அல்ல என்பது முடிவு. அதாவது செத்தவரால் அல்ல, உயிரோடு இருக்கிற எங்களால். மலக்குழிகளைப் பற்றி நாங்கள் காலம் காலமாக அனுப்பிய அறிக்கைகளை யாராவது தூசி தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்; அது வேறு கதை.

மன்னிப்பை நான் மதிக்கிறேன். நம் நாட்டில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்பது மாரியில் வெயில் அடிப்பதைப் போல. ஆனால் நான் வாசித்த அமைச்சரவை அறிவிப்பில், எந்தக் குழு, எதை நம்பி, எந்தத் திகதியில் எரிக்கச் சொன்னது என்பது இல்லை. சட்டம் படித்த என் மருமகனிடம் கேட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போதும் மாமா என்றான். சேவையிலிருக்கும் இளம் பி.எச்.ஐ. ஒருவர் அதை எழுதினால் நல்லது. கேட்க வேண்டியது ஒரு பக்கம்தான்: 2020 ஏப்ரலுக்கு முன் எந்தக் கிணற்றில், எந்தத் திகதியில், யார் நீர் மாதிரி எடுத்தார்கள்?