பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள்

திருகோணமலையில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் பழைய கதை கேட்டுப் பாருங்கள். ஆண்டைச் சொல்வதற்கு முன் படத்தைச் சொல்வார். ‘படகோட்டி’ ஓடின நேரம் தங்கச்சி பிறந்தாள், ‘வசந்த மாளிகை’ வந்த வருஷம் வேலை கிடைத்தது என்று வாழ்க்கையையே படங்களால் கணக்கு வைத்திருக்கும் தலைமுறை அது. பேரப்பிள்ளைகள் இன்று ஒரு மாதத்தில் பார்த்துத் தள்ளும் அளவு படங்களை அவர்கள் ஒரு வருஷத்திலும் பார்த்ததில்லை. ஆனால் பார்த்த சில படங்கள் அவர்களை ஆளாக்கின. எதற்குக் கோபப்படுவது, யாருக்காக இரங்குவது, எந்த இடத்தில் தலை குனியாமல் நிற்பது என்பதையெல்லாம் இந்த ஊரில் கோயிலும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் கற்பித்தன. அடுத்தபடியாகக் கற்பித்தது தியேட்டர்தான்.

அன்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொரு மாற்றம். படம் பார்க்கும்போது நம் பக்கத்தில் யார் இருந்தார், இன்று யார் இருக்கிறார் என்பதே அது.

கலரி முதல் பல்கனி வரை

அறுபதுகளின் திருகோணமலையை மனத்தில் கொண்டு வாருங்கள். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தது. உட்துறைமுகத்தில் சரக்குக் கப்பல்கள், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள், கடற்கரையில் வலையும் வள்ளமும். பகலில் அவரவர் வேலை, அவரவர் தெரு, அவரவர் கடை. மாலையானால் நெல்சன் போன்ற தியேட்டர் வாசலில் எல்லாரும் ஒரே வரிசை.

கிண்ணியாவில் இருந்து வருகிறவர் ‘பாதை’யில் நீரைக் கடந்து வந்தார், கிழக்கில் மிதவைப் படகுக்கு அதுதான் பெயர். மூதூர்க்காரர் லோஞ்சில் கொட்டியாரக்குடாவைத் தாண்டி வந்தார். தம்பலகாமத்து விவசாயி அறுவடைக் காசோடு பஸ்ஸில் வந்தார். தென்மேல் பருவக்காற்று மேற்குக் கடலைக் குழப்பும் மாதங்களில் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர் இங்கே வாடி போட்டுத் தொழில் செய்வார்கள், அவர்களும் வந்தார்கள். கலரியில் பலகை வாங்கு, அதற்குப் பின்னால் செக்கன் கிளாஸ், பெஸ்ட் கிளாஸ், மேலே பல்கனி. கையில் கச்சான் சரை, பாட்டுப் புத்தகம். விளக்கு அணைந்த பிறகு தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. வில்லனை ஏசும் சத்தம் எல்லாத் தொண்டையிலும் ஒன்றாகவே வந்தது.

படம் ஊருக்கு வருவதற்கு முன்பே வானொலி அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் கே. எஸ். ராஜா ‘திரைவிருந்து’ நடத்திய காலத்தில், வசனத் துண்டுகளையும் பாட்டையும் கேட்டே மனத்துக்குள் படம் ஓட்டியவர்கள் இருந்தார்கள். காசு சேர்த்துத் தியேட்டருக்குப் போகும்போது பாதி வசனம் ஏற்கெனவே மனப்பாடம்.

படம் தந்த பாடம்

‘படகோட்டி’ 1964இல் வந்தது. ஒன்றோடொன்று பகைத்துக்கொண்டிருக்கும் இரண்டு மீனவக் குப்பங்கள். அந்தப் பகையை வளர்த்து, இருவரின் உழைப்பையும் உறிஞ்சும் ஒரு செல்வர். இருவரையும் ஒன்றுசேர்க்கப் பாடுபடும் ஒரு படகோட்டி. சென்னையில் இருந்து பார்த்தால் அது எம்.ஜி.ஆர். படங்களில் ஒன்று. திருகோணமலைக் கரையில் இருந்து பார்த்தவர்களுக்கு அது அடுத்த வாடியின் கதை. வலைக்கும் வள்ளத்துக்கும் முன்பணம் கொடுத்தவரிடமே மீனை அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தக் கணக்கில் ஓர் அநீதி இருக்கிறது என்று முதலில் சொன்னது திரைதான்.

என் தாய்மாமா ஒருவர் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலாளி. அவரை மாற்றிய படம் ‘கப்பலோட்டிய தமிழன்’. பி. ஆர். பந்துலு 1961இல் எடுத்தது, வ. உ. சிதம்பரனாராக சிவாஜி நடித்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட 1906இல் கம்பனி தொடங்கியவர், பிறகு சிறையில் செக்கிழுத்தார். வெள்ளைக்காரக் கப்பல்களுக்குக் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்த மாமா, அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் கப்பல் என்பது நம்மவரும் சொந்தமாக வைத்திருக்கக்கூடிய ஒன்று என்று நினைக்கத் தொடங்கினார். அவர் கப்பல் வாங்கவில்லை. தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், பெண் பிள்ளைகள் மூவரையும் படிக்க வைத்தார், மேலதிகாரி முன்னால் கை கட்டி நிற்பதை விட்டார். படம் ஒரு மனிதருக்குள் போய் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது மாமாவின் நிமிர்ந்த முதுகைத்தான்.

நம் கிழக்கு மாகாணத்தில் இதற்கு நாடறிந்த சான்றும் உண்டு. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ எடுப்பதைப் பார்த்தார். இயக்குநர் “மழை” என்று குரல் கொடுத்ததும் மழை பெய்தது. அந்தக் கணத்தைத் தன் வாழ்க்கை திரும்பிய இடமாக அவர் கடைசிவரை சொன்னார். பூனாவில் ஒளிப்பதிவு படித்துத் தங்கப் பதக்கம் பெற்று, ‘அழியாத கோலங்கள்’, ‘மூன்றாம் பிறை’, ‘வீடு’ என்று தமிழ்ப் படத்தின் பார்வையையே மாற்றினார். ஆனால் அதைச் செய்ய அவர் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அந்த இழப்பு நம்முடையது.

கோணேசர் மலையடியில் ஒரு சிங்களப் படம்

1956ஆம் ஆண்டை இந்த ஊர் மறக்காது. ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டை இங்கே கூட்டியது. அதே ஆண்டில், தரையில் மொழியால் எல்லை போடப்பட்டுக்கொண்டிருந்தபோது, சுவாமி மலை என்னும் கோணேசர் மலைக்குக் கீழே இரண்டு ஆங்கிலேயர் கடலுக்குள் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். மற்றவர் அவருடைய நண்பர், ஒளிப்படக்காரர் மைக் வில்சன். 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இடித்த கோணேசர் கோயிலின் கல் தூண்களை அவர்கள் கடலடியில் கண்டார்கள். சுயம்பு லிங்கம் ஒன்றும் கிடைத்தது. கோயில் மீண்டும் எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டது.

வில்சன் அந்தக் கடலை விட்டுப் போகவில்லை. கிளார்க்கின் பண உதவியோடு ‘ரன் முத்து தூவ’ என்ற சிங்களப் படத்தை இயக்கினார். 1962இல் வெளியான அது சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப் படம். காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்கிரம, ஜீவராணி குருகுலசூரிய நடித்தார்கள், அமரதேவ இசையமைத்தார். கடலடிப் புதையலைத் தேடும் சாகசக் கதை. அதன் களம் திருகோணமலை நீரும் கோணேசர் மலையும். சிங்கள இரசிகர்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். தென்னிலங்கையில் கடலையே பார்க்காத கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரு சைவக் கோயில் குடிகொண்ட மலையையும் அதன் அடியில் கிடக்கும் நீல உலகத்தையும் வண்ணத்தில் காட்டியது அந்தப் படம்.

இயக்கியவரின் பிற்கால வாழ்க்கை படத்தை விட வியப்பானது. பெயரும் பணமும் கையில் இருந்த காலத்துக்குப் பிறகு வில்சன் சினிமாவை விட்டார். காவி உடுத்தார். சுவாமி சிவ கல்கி என்ற பெயரோடு கதிர்காமக் கந்தனின் அடியவராக வாழ்ந்து 1995இல் மறைந்தார். கமெராவோடு கடலுக்குள் இறங்கிய ஓர் இங்கிலாந்துக்காரரை இந்தக் கடல் அப்படி மாற்றி அனுப்பியது.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கள சினிமாவும் தமிழும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. சிங்களத்தின் முதற் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வந்தது. எடுக்கப்பட்ட இடம் மதுரை, தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். முப்பது ஆண்டு கழித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ ‘பொன்மணி’யைத் தமிழில் இயக்கினார். போக்குவரத்து இரு பக்கமும் இருந்தது.

திரை அணைந்த காலம்

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. தமிழகப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனது; படங்கள் குறைந்தன. அந்த இடைவெளியில் உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் கொஞ்சம் மூச்சு விட்டன. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக வெடித்த வன்முறை எல்லாவற்றையும் எரித்தது. ஹெந்தளையில் தமிழரான தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். சிங்கள சினிமாவைச் சேர்ந்து கட்டியவர்களின் உழைப்பே சாம்பலானது.

திருகோணமலையில் அதன் பிறகு வந்த ஆண்டுகளைப் பற்றி விரித்து எழுத வேண்டியதில்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ஊரடங்கு நாளில் செக்கன் ஷோ இல்லை. இருட்டில் அந்நியர் பக்கத்தில் மூன்று மணி நேரம் இருக்கப் பயம். படம் வீட்டுக்குள் வந்தது. வாடகைக்கு ‘டெக்’ எடுத்து, ஜெனரேட்டர் வைத்து, சத்தம் வெளியே போகாமல் ஜன்னலை மூடி விடிய விடியப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சொந்தக்காரரும் அயலவரும் மட்டும். அந்தக் காலத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களவர் என்றால் சோதனைச் சாவடியில் நிற்பவர். சிங்களப் பிள்ளைக்குத் தமிழர் என்றால் செய்தியில் வருகிறவர். ஒரே பகிடிக்குச் சேர்ந்து சிரித்த அனுபவம் இரண்டு பேருக்கும் இல்லாமல் போனது.

கையளவுத் திரை

இன்று கிண்ணியாவுக்குப் பாதை தேவையில்லை. 2009இல் பெரிய பாலம் திறந்தாயிற்று. பஸ் நிமிஷத்தில் கடந்துவிடுகிறது. அந்த பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். தமிழ் மாணவி ஒருத்தி கொரிய நாடகத் தொடர் பார்க்கிறாள். அடுத்த இருக்கையில் முஸ்லிம் இளைஞர் மலையாளப் படம் பார்க்கிறார். முன்னால் விடுமுறைக்குப் போகும் சிங்களச் சிப்பாய், டப்பிங் செய்த தெலுங்குப் படத்தில் மூழ்கியிருக்கிறார். மூவர் காதிலும் இயர்போன்.

இதைக் குறையாக மட்டும் பார்க்க நான் தயாரில்லை. அன்று எந்தப் படம் பார்ப்பது, பார்க்கலாமா வேண்டாமா என்பதைப் பெண்களுக்காக அப்பாவோ அண்ணனோ தீர்மானித்தார். இன்று அந்த மாணவி தானே தெரிவு செய்கிறாள். பாலு மகேந்திரா பள்ளி நாளில் அரிதாகக் கண்டு மயங்கிய ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ போன்ற படங்கள் இன்று நிலாவெளிப் பையனின் கைக்கு எட்டுகின்றன. படம் எடுக்கக் கடல் தாண்ட வேண்டியதுமில்லை. ஃபோன் ஒன்றும் நாலு நண்பர்களும் போதும்.

ஆனால் அந்தப் பஸ்ஸில் ஒருவர் சிரிப்பது மற்றவருக்குக் கேட்பதில்லை. அதுதான் என் கவலை. அவரவர் ஃபோன் அவரவர் விரும்பியதையே திரும்பத் திரும்ப நீட்டுகிறது. அடுத்த இருக்கைக்காரர் எதற்கு அழுகிறார் என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்கிறது.

போருக்குப் பிறகு இந்த மௌனத்தை உடைக்க முயன்ற படங்கள் உண்டு. அசோக ஹந்தகம என்ற சிங்கள இயக்குநர் 2012இல் ‘இனி அவன்’ படத்தை முழுக்கத் தமிழில் எடுத்தார்; போரில் இருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் ஒரு போராளியின் கதை. அதே ஆண்டில் பிரசன்ன விதானகே எடுத்த ‘ஒப நத்துவ ஒப எக்க’, தமிழில் ‘பிறகு’, முன்னாள் சிங்களச் சிப்பாய் ஒருவருக்கும் தமிழ்ப் பெண் ஒருத்திக்கும் நடந்த கல்யாணத்தைப் பற்றியது. தமிழ்ப் படங்களில் உயிரை வைத்திருக்கும் மனைவி, டி.வி.யில் மல்யுத்தம் பார்க்கும் கணவர். ஒரே வீட்டில் இரண்டு திரை. நம் நாட்டை இதைவிடக் கிட்ட நின்று யாரும் காட்டவில்லை. இரண்டு படங்களையும் திருகோணமலையில் மூன்று சமூகத்தாரும் சேர்ந்திருந்து பார்த்து, முடிந்ததும் வாயைத் திறந்து பேசியிருந்தால் அவை இன்னும் ஆழமாய் இறங்கியிருக்கும்.

செய்யக்கூடியது

பழைய கலரியைத் திரும்பக் கொண்டுவர முடியாது; கொண்டுவரவும் வேண்டாம். சேர்ந்து பார்க்கும் பழக்கத்தை மீட்க முடியும். அதற்குப் பெரிய முதலும் தேவையில்லை. ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, பள்ளி மண்டபம் ஒன்று, இரண்டு மொழியிலும் கீழே ஓடும் வசனம். தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகள் மாதம் ஒரு தடவை மாறி மாறி நடத்தலாம். வசனத்தை மொழிபெயர்க்கும் வேலையை மாணவர்களிடமே கொடுக்கலாம். ஒரு காட்சியை அடுத்தவர் மொழிக்குக் கொண்டுபோகும் பிள்ளை, அந்த அடுத்தவரை ஒரு மணி நேரமாவது நெஞ்சில் வைத்திருக்கும்.

முதல் படம் எது என்று கேட்டால் நான் ‘ரன் முத்து தூவ’ என்பேன். தமிழ் வசனத்தோடு, கோணேசர் மலை தெரியும் தூரத்தில், அந்தக் கடலில் தொழில் செய்கிறவர்களை முன் வரிசையில் இருத்திப் போட வேண்டும். இரண்டாவதாக, சிங்கள வசனத்தோடு ‘படகோட்டி’. அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஒரு நீர்கொழும்பு மீனவரும் ஒரு மூதூர் மீனவரும் மீன் விலையைப் பற்றிச் சேர்ந்து பேசத் தொடங்கினால், படம் தன் வேலையைச் செய்துவிட்டது. பள்ளி அதிபர்களும் ஆசிரியர்களும் இதை அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.