அயல் மாநிலத்தார் ஏற்றும் விளக்கு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கரையை நோக்கிப் பெருஞ் சூறாவளி ஒன்று வருகின்றதென்ற எச்சரிக்கை பிறந்ததும், கரையோர நகரங்களின் நெடுஞ்சாலைகள் வாகனங்களால் நிறைகின்றன. பிள்ளைகுட்டிகளோடும் கைக்கெட்டிய பொருள்களோடும் மக்கள் உள்நாட்டை நோக்கி விரைகின்றனர். அதே வேளையில் எதிர்த்திசையிலே மற்றொரு வரிசை செல்வதைக் காணலாம். ஆளை உயரத் தூக்கும் கூடை பொருத்திய லொறிகள், மின்கம்பம் நாட்டும் வண்டிகள், கம்பிச் சுருள்களை ஏற்றிய இழுவைகள் என நூற்றுக்கணக்கில் அவை புயல் வரும் பக்கமாகவே போகின்றன. அவற்றின் கதவுகளில் எழுதப்பட்டிருப்பவை அவ்வூர் மக்கள் கேட்டறியாத பெயர்கள். தொலை மாநிலங்களின் மின்சார நிறுவனங்களுடைய பெயர்கள். கனடாவிலிருந்து வரும் வண்டிகளும் அவற்றிடையே உண்டு. அவற்றிற் செல்வோர் மின்கம்பித் தொழிலாளர். வீழ்ந்த கம்பிகளை எடுத்து நிறுத்துவதற்காக, அவை வீழுமுன்னரே வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்கள் இவர்கள்.

மின்சாரம் அற்றுப்போவதால் விளையும் துன்பம் இருளோடு நின்றுவிடுவதில்லை. தண்ணீர் இறைக்கும் பம்பிகள் நின்றுவிடுகின்றன. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இன்சுலின் மருந்து கெடுகின்றது. ஒட்சிசன் இயந்திரத்தின் துணைகொண்டு மூச்சுவிடும் நோயாளி திணறுகின்றார். சூறாவளி ஓய்ந்தபின் அத்தென்னாட்டில் வெயில் கடுமையாகக் காயும். குளிரூட்டும் இயந்திரத்தை நம்பிக் கட்டப்பட்ட கட்டடங்கள் அவ்வெயிலில் அடுப்பாகிவிடும். 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் ‘இர்மா’ என்னும் சூறாவளி புளோரிடா மாநிலத்தைத் தாக்கியபோது, ஹொலிவூட் என்னும் நகரிலுள்ள முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றிற் குளிரூட்டும் இயந்திரத்துக்கு மின்சாரம் இல்லாது போயிற்று. சில நாட்களுள் வெப்பத்தால் அங்கிருந்த முதியோர் பன்னிருவர் இறந்தனர். பராமரித்தோர் கடமை தவறினரா என்பது பற்றிப் பின்னர் வழக்கும் நடந்தது. காற்றும் வெள்ளமும் கொல்லாத உயிர்களை மின்சாரமின்மை கொல்லக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

ஆதலால் மின்சாரத்தை விரைந்து மீட்பது உயிர் காக்கும் பணியாகும். ஆனால், அதற்கு வேண்டிய கைகள் எங்கிருந்து கிடைக்கும்? அமெரிக்காவில் மின்சாரம் வழங்குவது ஒரே அமைப்பன்று. பங்குதாரருக்குச் சொந்தமான பெரிய நிறுவனங்கள், நகரசபைகள் நடத்தும் நிலையங்கள், கிராம மக்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கங்கள் என ஏறத்தாழ 3,000 அமைப்புகள் அங்குள்ளன. ஒவ்வொன்றும் தன் அன்றாட வேலைக்கு வேண்டிய அளவு தொழிலாளரையே வைத்திருக்கும். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருஞ் சூறாவளியை எதிர்பார்த்துப் பன்மடங்கு தொழிலாளரை ஆண்டு முழுவதும் வைத்திருந்தால், அச்செலவு மக்கள் செலுத்தும் மின்கட்டணத்திலேதான் ஏறும். எனினும், சூறாவளி எல்லா இடங்களையும் ஒருநாளில் தாக்குவதில்லை. ஓரிடத்திற் காற்று சீறும்போது வேறோரிடத்தில் வானம் தெளிந்திருக்கும். அத்தெளிந்த இடத்திலுள்ள தொழிலாளரை இடருற்ற இடத்துக்கு அனுப்புவதும், தனக்கு இடர் வரும்போது அவர்களிடமிருந்து பெறுவதுமே இவ்வேற்பாட்டின் அடிப்படை. இதனைப் பரஸ்பர உதவி என்று வழங்குவர்.

பரஸ்பர உதவி என்றதும் அது இரக்கத்தினால் எழும் தருமம் என்று கருதிவிடலாகாது. இரக்கம் அதிலுண்டு, ஆனால், அதனைத் தாங்கி நிற்பது முன்கூட்டியே எழுதப்பட்ட உடன்படிக்கை. உதவி பெறும் நிறுவனம், வருவோரின் கூலியையும் பயணச் செலவையும் உணவையும் உறையுளையும் ஏற்றுக்கொள்கின்றது. உதவி செய்யும் நிறுவனம் இலாபம் வைக்காது, உண்மையான செலவை மாத்திரம் கேட்கின்றது. விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, எத்தனை மணிநேரம் வேலை செய்வது, எப்பொழுது திருப்பியனுப்புவது என்பன யாவும் அமைதியான காலத்திலேயே பேசித் தீர்க்கப்படுகின்றன. நாடு வட்டாரங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரத்து நிறுவனங்களும் ஒரு குழுவாக இயங்குகின்றன. சூறாவளி கடலில் இருக்கும்போதே அக்குழுவினர் தொலைபேசியிற் கூடி, யாருக்கு எத்தனை பேர் வேண்டும், யாரால் எத்தனை பேரை விடமுடியும் என்று கணக்கிடுகின்றனர். புயலின் நடுவே பேரம் பேசவேண்டிய தேவை அங்கு இல்லை.

இவ்வேற்பாட்டின் வலிமையை 2005ஆம் ஆண்டிலே காணமுடிந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 29ஆந் திகதி ‘கத்ரீனா’ என்னும் சூறாவளி கரையேறியபோது, மிசிசிப்பி மாநிலத்தின் தென்பகுதிக்கு மின்சாரம் வழங்கிய மிசிசிப்பி பவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஏறத்தாழ 195,000 பேரும் ஒருவர் மிச்சமின்றி இருளில் மூழ்கினர். அந்நிறுவனத்தின் ஊழியர் ஆயிரத்துச் சொச்சம் பேரே. அவர்களிற் பலர் தம் வீடுகளையும் இழந்திருந்தனர். வெளி மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 11,000 பேர் வந்து சேர்ந்தனர். பன்னிரண்டு நாட்களில், மின்சாரத்தை ஏற்கக்கூடிய நிலையிலிருந்த வீடுகளுக்கெல்லாம் விளக்கு வந்துவிட்டது. ‘ஏற்கக்கூடிய நிலையிலிருந்த’ என்னும் அச்சொற்றொடர் கவனிக்கத்தக்கது. கடல் கொண்டுபோன வீட்டுக்குக் கம்பி இழுக்க எவராலும் இயலாதன்றோ!

வந்து சேர்ந்தோர் அன்றே கம்பத்தில் ஏறிவிடுவதில்லை. கண்காட்சித் திடல், ஓட்டப்பந்தய மைதானம், பெரிய வாகனத் தரிப்பிடம் போன்ற வெளியிலே அவர்களுக்குப் பாசறை அமைகின்றது. அங்கே கூடாரங்களும், படுக்கைகள் அடுக்கிய வண்டிகளும், சமையற் கூடங்களும், எரிபொருட் தாங்கிகளும் ஓரிரு நாளில் எழுகின்றன. கம்பங்களும் மின்மாற்றிகளும் வந்து குவிகின்றன. மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்கு மேற் காற்று வீசும்வரை கூடையை உயர்த்துவது ஆபத்தாதலால் அதுவரை காத்திருக்கின்றனர். அதன்பின் வழக்கமாக ஒரு நாளிற் பதினாறு மணிநேரம் உழைப்பு, எட்டு மணிநேரம் ஓய்வு.

வேலைக்கும் ஒரு வரிசை உண்டு. மின்னிலையத்திலிருந்து நெடுந்தூரம் செல்லும் உயரழுத்தக் கம்பிகளும், அவ்வழுத்தத்தைக் குறைக்கும் உப மின்னிலையங்களும் முதலிற் சீராக்கப்படுகின்றன. அடுத்து, வைத்தியசாலை, நீர் வழங்கும் நிலையம் முதலானவற்றுக்குச் செல்லும் வழிகள். அதன்பின், ஒரே திருத்தத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு ஒளி தரக்கூடிய பெரிய கிளைகள். பின்னர், தெருக்களுக்குச் செல்லும் சிறு கிளைகள். இறுதியில் தனித்தனி வீடுகள். தன் வீட்டுவாசலைக் கடந்து லொறிகள் நிற்காமற் போவதைக் காணும் ஒருவர் சினங்கொள்வது இயல்பே. ஆனால், அந்த வாசலில் நின்று கம்பியைச் சீராக்கினாலும், அதற்கு மேலுள்ள கிளை உயிர்பெறும்வரை அவ்வீட்டு விளக்கு எரியாது. வேரில் நீர் சென்ற பின்னரன்றோ கொழுந்து தளிர்க்கும்! எனினும், பலருக்கு முதலில் என்னும் அந்நீதியின் சுமையைத் தாங்குபவர்கள், சந்து ஒன்றின் கடைசி வீட்டிலே தனித்து வாழ்வோர்தாம். நோயாளர் இருக்கும் வீடுகளை முன்னரே பதிந்து வைப்பதும், அவர்களை வேறிடத்துக்கு மாற்றுவதும் அதனாலேயே இன்றியமையாதனவாகின்றன.

அயலார் எத்துணைத் திறமையுடையோராயினும் ஊரை அறியார். எந்தச் சாலை நீரில் மூழ்கியுள்ளது, எந்தத் தோட்டத்தின் பின்னாற் கம்பி செல்கின்றது, அது எந்த உப மின்னிலையத்தைச் சேர்ந்தது என்பனவற்றை உள்ளூரார் ஒருவரே சொல்லமுடியும். ஆகவே வந்த குழுக்களுக்கு உள்ளூர் நிறுவனத்தின் வழிகாட்டி ஒருவர் கொடுக்கப்படுகின்றார். மின்மானியைப் பார்வையிடுவோரும் அலுவலக எழுத்தாளரும்கூட அந்நாட்களில் வழிகாட்டிகளாவதுண்டு. கம்பியில் மின்சாரத்தை ஏற்றவும் நிறுத்தவும் கட்டளையிடும் அதிகாரம் உள்ளூர் நிறுவனத்திடமே இருக்கும். ஆயிரம் புதியவர்கள் வேலைசெய்யும் வலையில் இருவர் இருவேறு கட்டளை பிறப்பித்தால், அதன் விலை ஓர் உயிராகலாம்.

அவ்வுயிராபத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. மின்சாரம் நின்றதும் மக்கள் சிறிய மின்பிறப்பாக்கிகளை இயக்குகின்றனர். அதனை வீட்டுக் கம்பிகளோடு முறைப்படியன்றி இணைத்துவிட்டால், அங்கு பிறக்கும் 240 வோல்ற்று மின்சாரம் தெருவிலுள்ள மின்மாற்றியைத் தலைகீழாகக் கடந்து 7,200 வோல்ற்றாகப் பெருகித் தெருக்கம்பியிற் பாயும். இறந்த கம்பி என்று நம்பித் தொடுபவர் அக்கணமே மாள்வர். இதனாலேதான் தேர்ந்த தொழிலாளர், கம்பியை முதலிற் சோதித்து, இருபுறமும் நிலத்தோடு இணைத்த பின்னரே கைவைக்கின்றனர். மின்பிறப்பாக்கி வீட்டாரையும் வருத்தவல்லது. அதனை அடைத்த அறையிலோ சாளரத்தின் அருகிலோ இயக்கினால், அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நச்சு வாயு உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். 2020ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தைத் தாக்கிய ‘லோறா’ சூறாவளியின் பின்னர் அவ்வாறு பலர் இறந்தனர்.

அயலார் உதவி என்பது அயல் நலமாயிருக்கும்போதுதான் கிடைக்கும். 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி நியூ ஜேர்சி மாநிலத்திற் கரையேறிய ‘சாண்டி’ என்னும் புயல், பல மாநிலங்களில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரின் மின்சாரத்தைத் துண்டித்தது. அண்டை மாநிலங்கள் யாவும் ஒருங்கே அடிபட்டமையால், உதவி வெகுதொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. மேற்குக் கரையிலுள்ள கலிபோர்ணியாவிலிருந்து தொழிலாளரையும் அவர்தம் லொறிகளையும் விமானப் படையின் பெருஞ் சரக்கு விமானங்கள் நியூ யோர்க்குக்குத் தூக்கிச் சென்றன. அப்புயலிற் பெற்ற பாடத்தின் பயனாக, வட்டாரங்களைக் கடந்து நாடு முழுவதற்கும் தொழிலாளரைப் பங்கிடும் முறை 2013ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்டது.

உதவியை நேரத்தில் அழையாது விட்டால் நேர்வது யாது என்பதற்கும் சான்று உண்டு. 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆந் திகதி ‘மரியா’ என்னும் சூறாவளி, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ றிக்கோத் தீவின் மின்வலை முழுவதையும் வீழ்த்திற்று. அத்தீவின் மின்சார அதிகாரசபை ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்தது. பரஸ்பர உதவியை உடன் கோராது, மொன்டானா மாநிலத்துச் சிறு நிறுவனம் ஒன்றுக்கு 30 கோடி டொலர் ஒப்பந்தத்தை அது வழங்கிற்று. கண்டனம் எழவே அவ்வொப்பந்தம் ஒக்டோபர் இறுதியிற் கைவிடப்பட்டது. அதன் பின்னரே, புயல் கடந்து ஆறு வாரமாகும் வேளையில், நியூ யோர்க், புளோரிடா மாநிலங்களிடம் முறைப்படி உதவி கோரப்பட்டது. தீவாதலால் ஒவ்வொரு லொறியும் கப்பலேறியே வரவேண்டும். மலைப்பாங்கான நிலத்திற் கம்பம் நாட்டுவதும் எளிதன்று. பழுதுற்ற பழைய வலை வேறு. ஏறத்தாழ முழுத் தீவுக்கும் மின்சாரம் மீளும்போது பதினொரு மாதங்கள் கழிந்திருந்தன. புயலினாலும் அதன் பின்விளைவுகளாலும் மாண்டோர் தொகையை அரசு முதலில் 64 என்றது. ஆராய்ச்சியின்பின் அது 2,975 எனத் திருத்தப்பட்டது. தாமதம் ஒன்றே இத்தனை உயிர்களையும் கொண்டதென்று கூறிவிடமுடியாது. ஆயினும், இருளில் நீண்ட ஒவ்வொரு வாரமும் முதியோருக்கும் நோயாளருக்கும் பெருஞ் சோதனையாயிற்று என்பதில் ஐயமில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் உண்மை தெளிவாகும். மிசிசிப்பியிற் பன்னிரண்டு நாட்களில் ஒளி வந்ததற்கு வந்தவர்களின் உழைப்பு ஒரு காரணம். யாரை அழைப்பது, எவ்வாறு அழைப்பது, எங்கே தங்கவைப்பது, யார் செலவைப் பொறுப்பது என்பன புயலுக்கு முன்னரே முடிவாகியிருந்தமை மற்றொரு காரணம். உதவுவோரின் நல்லெண்ணத்துக்கு ஒழுங்கு என்னும் பாதை வேண்டும்; பாதை இல்லாவிடின் நல்லெண்ணம் வாசலிலேயே நின்றுவிடும்.

வேலை முடிந்ததும் பாசறை கலைகின்றது. லொறிகள் மீண்டும் வரிசையாகி ஊர் திரும்புகின்றன. சில வேளைகளில் வழியிலேயே திரும்பி வேறொரு புயலை நோக்கிச் செல்வதும் உண்டு. வந்தவரின் பெயரை அத்தெருவார் அறியார். வந்தவரும் அத்தெருவை மறுமுறை காணமாட்டார். ஆயினும், அடுத்த ஆண்டு அத்தெருவார் நலமாயிருக்க, வந்தவரின் ஊரிற் பனிப்புயல் கம்பிகளை முறிக்குமாயின், அத்தெருவின் மின்கம்பித் தொழிலாளர் தம் லொறியை வடக்கு நோக்கிச் செலுத்துவர். அமெரிக்க மாநிலங்களிடையே இவ்வாறு கைம்மாறும் அவ்வுதவி, ஒவ்வொரு சூறாவளிப் பருவத்திலும் இருண்ட தெருக்களில் மீண்டும் விளக்கேற்றி வருகின்றது.