நிற்கும் நாடா சொல்லும் செய்தி

நுழையும்முன்

ஓர் இயந்திரம் பாதியில் நின்றுவிட்டால், அது பழுதாகிவிட்டது என்று உடனே முடிவு செய்கிறோம். நிற்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதனைப் படிப்படியாகத் தேடிக் கண்டறிவது நல்ல அறிவுப்பயிற்சி. கேசட்டில் இசையைப் பல தடங்களாகப் பதிவு செய்யும் கருவியைக்கொண்டு அப்பயிற்சியை விளக்குகிறது இக்கட்டுரை.

பேழைக்குள் நான்கு தடங்கள்

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு கேசட்டை அறிமுகப்படுத்தியது. உள்ளங்கையில் அடங்கும் அப்பேழைக்குள் ஓடும் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்டீரியோ கேசட்டில் அந்நாடா நீளவாக்கில் நான்கு தடங்களாகப் பயன்படுகிறது. முதல் பக்கத்திற்கு இரண்டு தடங்கள். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு.

1979இல் டியாக் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144 என்னும் கருவி, இந்நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. ஒருவரே முதல் தடத்தில் கிதார் இசையைப் பதிந்து, அதனைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் பாட முடிந்தது. பின்னர் வேறு கருவியிசையைச் சேர்க்க இன்னும் இரு தடங்கள் எஞ்சின. ஒலியின் தரம் உயரும்பொருட்டு, நாடா வழக்கத்தைப்போல் இருமடங்கு வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் ஓடியது. ஆகவே, 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிட இசையையே பதிய முடிந்தது. எனினும், பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் மட்டுமே இருந்த வசதி வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ இசைத்தொகுப்பு, நியூஜெர்சியில் அவர் வாழ்ந்த வீட்டில் இக்கருவியைக் கொண்டே பதிவு செய்யப்பட்டது.

இவ்வாறு பதிந்த நாடாவைச் சாதாரணக் கேசட் கருவியில் முறையாகக் கேட்க இயலாது. இரண்டு தடங்கள் மட்டுமே நேராக ஒலிக்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கி ஒலிக்கும். இருமடங்கு வேகத்தில் பதிந்திருந்தால், பாதி வேகத்தில் இழுபட்ட குரலாகக் கேட்கும். எனவே, பழைய பதிவுகளை மீட்க விரும்புவோர்க்குப் பல்தடக் கருவி ஓடியாக வேண்டும். ஆனால், இயக்கிய சில நொடிகளில் தானாகவே நின்றுவிடுவது பழைய கருவிகளில் பரவலாகக் காணப்படும் குறையாகும்.

காவலனும் குற்றவாளியும்

கேசட்டுக்குள் இரண்டு சுருள்கள் உள்ளன. ஒன்று நாடாவை வழங்குகிறது, மற்றொன்று சுற்றிக்கொள்கிறது. இடையில் கேப்ஸ்டன் என்னும் மெல்லிய உலோகத் தண்டும் அதனோடு அழுந்தும் ரப்பர் உருளையும் நாடாவைச் சீரான வேகத்தில் இழுக்கின்றன. இழுபட்டு வரும் நாடாவைச் சுற்றும் சுருள் உடனுக்குடன் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் நாடா உள்ளே குவிந்து, உருளையில் சிக்கிக் கசங்கிவிடும்.

இதனைத் தடுக்கவே தானியங்கி நிறுத்தம் அமைக்கப்பட்டுள்ளது. பல கருவிகளில், சுற்றும் அச்சின் சுழற்சியை ஓர் உணரி கண்காணிக்கிறது. அது காந்தத்தையோ ஒளியையோ கொண்டு இயங்கும். அச்சு சுழலும்வரை உணரி மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டேயிருக்கும். துடிப்புகள் நின்றால், நாடா முடிந்துவிட்டது எனக் கட்டுப்பாட்டுச் சுற்று கருதிக் கருவியை நிறுத்திவிடும்.

ஆகவே, எதிர்பாராத நிறுத்தம் என்பது பெரும்பாலும் நோயன்று, நோயின் அறிகுறி. உணரியின் இணைப்பை மாற்றிவிட்டால் கருவி நிற்காமல் ஓடும் என்று சிலர் எண்ணுவர். அது காவலனைக் குற்றவாளியாக்கும் செயல். அதனால் முதலில் அழிவது நாடாவே.

தேடும் முறை

முதலாவதாக, அரிய பதிவுள்ள கேசட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். சோதனைக்கு வெற்றுக் கேசட் போதும். அது ஓடி, குறிப்பிட்ட ஒரு கேசட் மட்டும் நின்றால், குறை கருவியில் இல்லை. நெடுங்காலம் கிடந்த நாடா இறுகியிருக்கக்கூடும். அதனை ஒருமுறை முன்னோக்கியும் பின்னோக்கியும் முழுமையாகச் சுற்றினால் இறுக்கம் தளரலாம்.

எல்லாக் கேசட்டுகளும் நின்றால், சுற்றும் சுருளைக் கேசட்டின் சாளரம் வழியே உற்றுநோக்க வேண்டும். இந்த ஒரு கேள்வி தேடலை இரண்டாகப் பிரிக்கிறது.

சுருள் சுழலவில்லையெனில், அல்லது தயங்கித் தயங்கிச் சுழன்றால், குறை இயக்கப் பகுதியில் உள்ளது. மோட்டாரின் விசையை அச்சுக்குக் கொண்டு செல்வன ரப்பர் பெல்ட்டும் இடைச்சக்கரமும் ஆகும். ஆண்டுகள் செல்லச்செல்லப் பெல்ட் தளர்கிறது. சில வேளைகளில் தார்போல் உருகியும் ஒட்டிக்கொள்கிறது. இடைச்சக்கரத்தின் ரப்பர் விளிம்பு இறுகி வழுவழுப்பாகிப் பிடிப்பை இழக்கிறது. பெல்ட்டைப் புதிதாக மாற்றுவதும், விளிம்பைத் துடைப்பதும் அல்லது மாற்றுவதும் இதற்குத் தீர்வாகும்.

சுருள் நன்றாகச் சுழன்றும் கருவி நின்றால், உணரியை ஐயுற வேண்டும். தூசி படிந்த ஒளியுணரியும், இடம் விலகிய காந்தமும் சுழற்சியைக் காணாது போகும். சில கருவிகளில் எண்ணியை இயக்கும் சிறு பெல்ட்டின் வழியாகவே உணரி சுழற்சியை அறிகிறது. அங்கே எண்கள் நகராதிருப்பதே போதிய தடயம். தொடக்கத்தில் நன்றாக ஓடி, சூடேறியபின் நின்றால், மோட்டார், மின்வழங்கி, பற்றவைப்பு இணைப்புகள் ஆகியவற்றை ஆராய வேண்டும். அது தேர்ந்த தொழில்நுட்பரின் பணி.

தெரிந்து தெளிவோம்

60 நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா உள்ளது. 120 நிமிடக் கேசட்டின் பேழையும் அதே அளவுடையதே; ஆனால், நாடா இருமடங்கு நீளமானது. ஆதலால் அது மிக மெல்லியதாகச் செய்யப்படுகிறது. எளிதில் நீள்கிறது, சிக்குகிறது. பல்தடப் பதிவுக்கு அது ஏற்றதன்று.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

கருவியைத் திறக்கும் முன் மின்இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம் என்பதால், மின்வழங்கிப் பகுதியைத் தொடுதல் கூடாது. காந்தமுனைகளையும் உலோகத் தண்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சினால் துடைக்கலாம். அது ரப்பரை உலர்த்தக்கூடும் என்பதால், ரப்பர் உருளைக்குச் சிறிதளவு சோப்புநீரில் நனைத்த துணியே பாதுகாப்பானது. ஒரு வேளையில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்து சோதிக்க வேண்டும். பலவற்றை ஒருசேர மாற்றினால் கருவி ஓடினாலும், எது குறை என்பது விளங்காது.

வெற்று நாடா தொடக்கம் முதல் இறுதிவரை தடையின்றி ஓடிய பின்னரே அரிய கேசட்டை இட வேண்டும். நான்கு தடங்களையும் ஒரே ஓட்டத்தில், தனித்தனியாகக் கணினிக்கு மாற்றுதல் நன்று. இரண்டிரண்டாக மாற்றினால், நாடாவின் சிறு வேக வேறுபாடுகளால் தடங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகும்.

நின்றுபோன கருவியை அவசரப்பட்டு ஓடச் செய்பவர் ஒரு பாடலை இழக்கக்கூடும். ஏன் நின்றது என்று முதலில் கேட்பவர் கருவியையும் அதனுள் உறங்கும் குரலையும் ஒருங்கே காப்பாற்றுகிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் இயங்காதிருக்கும் எளிய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் குறையைக் கண்டறிவதற்கான கேள்விகளை வரிசைப்படுத்தி எழுதுக.
2. ‘பாதுகாப்பிற்காக அமைந்த ஒன்று சில வேளைகளில் இடையூறாகத் தோன்றும்’ – இக்கருத்தைப் பிற கருவிகளோடு ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.