தன் ரத்தமே களிம்பு

ஐப்பசி மழையில் தாமிரபரணி கலங்கலாக ஓடும் நாட்களில், எங்கள் பக்கத்து வீடுகளில் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடிவதற்குள் வண்டல் அடியில் தங்கிவிடும். நாயின் ஆறாத புண்ணுக்கு அந்த நாயின் ரத்தத்திலிருந்தே மருந்து எடுப்பதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். தேத்தாங்கொட்டைக்குப் பதில் சென்ட்ரிபியூஜ் என்ற சுழலும் இயந்திரம். ஒரு ராத்திரிக்குப் பதில் சில நிமிடங்கள்.

மருந்தின் பெயர் பி.ஆர்.பி., அதாவது தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. டெங்குக் காலத்தில் "எண்ணிக்கை எவ்வளவு இருக்கு?" என்று எல்லோரும் விசாரிப்போமே, அதே தட்டணுக்கள். மனிதர்களிடம் இது முடி கொட்டுவதற்கான சிகிச்சையாகத்தான் அதிகம் விளம்பரமாகிறது. என்னைக் கேட்டால், சிப்பிப்பாறை நாயின் காலில்தான் இதற்கு உருப்படியான வேலை இருக்கிறது.

சிப்பிப்பாறைக்குத் தோல் மெல்லிசு. முள்கம்பி வேலியில் மாட்டினால் துணி மாதிரி கிழியும். முதுகிலோ தொடையிலோ என்றால் சுற்றியுள்ள தோலை இழுத்துத் தைத்துவிடலாம். முழங்காலுக்குக் கீழே இழுப்பதற்குத் தோலே கிடையாது. அங்கே புண் அடியிலிருந்து சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் படர்ந்துதான் மூட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், அதுவரை ஈ சும்மா இருக்காது.

தட்டணு ஒரு முழு செல்கூட இல்லை. எலும்பு மஜ்ஜையின் ராட்சத செல்களிலிருந்து உதிரும் துணுக்கு. அகலம் 2, 3 மைக்ரான். ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு அடைக்கும் இதை 1882இல் இத்தாலியின் ஜூலியோ பிட்சொசேரோ விவரித்தார். அடைப்பதோடு இதன் வேலை முடிவதில்லை என்று தெரிய இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. 1974இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் ஒரு வேடிக்கையைக் கவனித்தார்கள். உறைந்த ரத்தத்தின் சீரத்தில் செல்கள் பெருகின. தட்டணுக்களை நீக்கிவிட்டுத் தயாரித்த சீரத்தில் பெருகவில்லை. தட்டணுக்களைச் சேர்த்ததும் மறுபடி பெருகின. தட்டணுவுக்குள் சின்னஞ்சிறு பைகள் இருக்கின்றன. புண்ணில் அவை திறந்துகொள்ளும்போது வளர்ச்சிக் காரணிகள் கொட்டுகின்றன. பெருகு, இங்கே நகர்ந்து வா, புது ரத்தக்குழாய் போடு என்று பக்கத்துச் செல்களுக்கு உத்தரவு போடுவது அவைதான்.

20 கிலோ நாயின் உடம்பில் ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் இருக்கும். கழுத்து ரத்தக்குழாயில் 10 மில்லி எடுத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்த குழாயில் பிடித்து, முதலில் மெதுவாகச் சுற்றுவார்கள். அடியில் சிவப்பு, நடுவில் பாலாடை மாதிரி மெல்லிய படலம், மேலே பிளாஸ்மா. மேலே நிற்பதை மட்டும் உறிஞ்சி, இன்னும் வேகமாக இரண்டாம் சுற்று. இப்போது தட்டணுக்கள் அடியில் படிந்திருக்கும். மேலுள்ள பிளாஸ்மாவில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, மிச்சத்தில் அவற்றை மெல்ல ஆட்டிக் கலந்தால் ஏறக்குறைய 1 மில்லி கிடைக்கும். சாதாரண ரத்தத்தில் இருப்பதைப்போல நாலைந்து மடங்கு தட்டணுக்கள் அதில் இருந்தால் நல்ல தயாரிப்பு. கொஞ்சம் கால்சியம் கரைசல் விட்டதும் அது இளநுங்கு மாதிரி இறுகும். அதைப் புண்ணில் வைத்துக் கட்டுவார்கள்; இறுகவிடாமல் ஓரங்களில் ஊசியாகப் போடுவதும் உண்டு.

ராமையன்பட்டியில் 2012இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, நம் பக்கத்து ஆடு, மாடு, நாய்களுக்கு அறுவை சிகிச்சை என்றால் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் பி.ஆர்.பி. எடுப்பதில், நாய்க்குச் சரிப்பட்ட சுழற்சிக் கணக்கு ஆட்டுக்குச் சரிப்படாது. நாயின் சிவப்பணு 7 மைக்ரான். வெள்ளாட்டினுடையது 3 மைக்ரானை ஒட்டி, கிட்டத்தட்டத் தட்டணுவின் அளவு. குதிரை ரத்தத்தைக் குழாயில் நிறுத்தி வைத்தாலே சிவப்பு தானாக மளமளவென்று இறங்கும். மாட்டு ரத்தம் மணிக்கணக்கில் நின்றாலும் லேசில் இறங்காது. பசுவின் பிளாஸ்மா மஞ்சளாக இருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். பச்சைப்புல்லின் கரோட்டின்தான் அது. பசும்பாலில் தெரியும் லேசான மஞ்சளும் அதுவே.

இதை அற்புதம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. ஆளுக்கொரு விதமாகத் தயாரித்தால் வேறெப்படி இருக்கும்? நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்ணி. உண்ணி கடித்து எர்லிக்கியா காய்ச்சல் வந்த நாய்க்குத் தட்டணுக்களே குறைந்துபோயிருக்கும். அதன் ரத்தத்தைச் சுற்றி என்ன பலன்? முதலில் உண்ணிக்காய்ச்சலைக் கவனிக்க வேண்டும். சீழ் பிடித்த புண்ணிலும், புழு நெளியும் புண்ணிலும் இதை வைப்பது வீண். புழுவை ஒவ்வொன்றாக எடுத்து, செத்த சதையை வெட்டி, சலைன் விட்டுக் கழுவிய பிறகுதான் பி.ஆர்.பி.க்கு இடம். வீட்டிலேயே பினாயிலும் மண்ணெண்ணெயும் ஊற்றிவிட்டுக் கொண்டுவந்தால், புழுவோடு நல்ல சதையும் வெந்திருக்கும்.

பலிக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கண்ணாடித்தாளைப் புண்மேல் பிடித்து, ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொள்வார்கள். வாராவாரம் வரைந்த தாள்களை அடுக்கிப் பார்த்தால், கோடைக்கு வற்றும் குளத்தின் கரைத்தடங்கள்போல் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் சுருங்கிக்கொண்டே வரும். ஒரு வாரம் கோடு உள்ளே போகாமல் நின்றுவிட்டால், மருத்துவர் அடுத்த குழாய் ரத்தம் எடுக்க மாட்டார். உள்ளே முள் ஏதும் கிடக்கிறதா என்று துழாவுவார்.